தூக்கத்து பாய்

ராயபுரத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் மட்டும் 'கெமிஸ்ட்' என்பார். ஆயாக்கள், கம்பவுண்டர், வாசலில் ரிக்‌ஷா போட்டுக்கொண்டு நிற்பவர்கள் எல்லாருக்கும் அவர் தூக்கத்து பாய். புதிதாகக் கேட்பவர்கள் யாரோ கோரைப்பாய் விற்க வந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். இந்தப் பெயர் அவருக்கும் தெரியும். ஒரு தடவை நான் அவர் முன்னாலேயே வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். "பரவால்ல சிஸ்டர், ரெண்டும் தூங்கத்தான்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து நான் அந்த ஆஸ்பத்திரிக்கு நர்ஸாகப் போனேன். பழைய கிடங்கு ஒன்றுக்கு வெள்ளையடித்து முப்பது கட்டில் போட்டிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் கப்பல் புகையும் கருவாட்டு வாசனையும் சேர்ந்து வரும். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குபவர்கள், ரயில்வே பட்டறை ஆட்கள், காசிமேட்டு மீனவர்கள் என்று எங்களிடம் வந்தவர்கள் எல்லாம் உடம்பால் பிழைப்பவர்கள். வருவது நசுங்கிய விரலோடு, அல்லது முறிந்த கையோடு. கத்தி வைக்க வேண்டுமென்றால் ஈதர்தான். மூக்கின் மேல் துணி மூடியை வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவோம். மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு லேசில் மயங்காது. நாலு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் பாட்டிலைத் திறந்தால் பாதி காற்றோடு போய்விடும், எங்களுக்கே தலை சுற்றும். தெளிந்த பிறகு இரண்டு நாள் வாந்தி. கையில் ரத்தக் குழாயில் ஏற்றி ஒரு நிமிஷத்தில் தூங்கவைக்கிற ஊசி மருந்து சீமையில் வந்துவிட்டிருந்தது. எங்களுக்கு அது எப்போதாவதுதான் கிடைக்கும். கிடைத்தாலும் ஆள் அரை நாள் மந்தமாகக் கிடப்பான்.

அதைவிட நல்லதாக ஒன்றை இங்கேயே செய்ய முடியும் என்று நம்பியவர் அவர். வண்ணாரப்பேட்டைக்காரர், தோல் வியாபாரக் குடும்பம். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, தண்டையார்பேட்டையில் இருமல் மருந்தும் தைலமும் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்திருந்தார். பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகையை அவருக்கு விட்டிருந்தார்கள். அதில் ஒரு மேஜை, கண்ணாடிச் சாமான்கள், முயல் கூண்டுகள். சீக்கிரம் தூங்கவைக்க வேண்டும், சீக்கிரம் உடம்பைவிட்டுப் போக வேண்டும். இந்த இரண்டுக்காகவும் வருஷக்கணக்காக ஒரே பொடியை விதவிதமாக மாற்றிச் செய்துகொண்டிருந்தார். முதல் நம்பர் முயலைத் தூங்கவைக்கவே இல்லை. இரண்டாம் நம்பர் அழகாகத் தூங்கவைத்தது. அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முயல் எழுந்து கூண்டில் ஒரு சுற்று ஓடியிருக்கிறது. சந்தோஷத்தில் அவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் முயல் செத்துக் கிடந்தது. எழுந்ததுபோல் எழுந்து, யாரும் பார்க்காத நேரத்தில் மறுபடி தூங்கி, மூச்சு அடைத்துப்போயிருக்கிறது. அன்றிலிருந்து, எழுந்த முயல் கோஸ் இலையைத் தின்று முடிக்கும் வரை அவர் கூண்டைவிட்டு நகர்ந்ததில்லை.

கடைசியில் அது அவருக்கு ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது. தூங்குகிற எதையும் அவரால் கடந்து போக முடியாது. ரிக்‌ஷாவில் கால் மடக்கித் தூங்குபவரின் பக்கத்தில் நின்று நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பார். டிராமில் எதிர் சீட்டில் தாய் மடியில் தூங்கிய குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி பாரிமுனை வரை போய்விட்டார் என்று கம்பவுண்டர் சொல்லிச் சிரிப்பார். அந்தத் தாய் பயந்துபோய்க் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டாளாம். எனக்கும் ஆரம்பத்தில் அவரைக் கண்டால் ஒரு கூச்சம் இருந்தது.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இது இல்லை. கண்ணால் பார்த்தேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவர் அதை நம்புவார். சொல்வது யார், படித்தவரா, பதவியில் இருப்பவரா என்பதெல்லாம் அவருக்குக் கிடையாது. "நீங்க பாத்தீங்களா, இல்ல அப்படித்தான் இருக்கும்னு நெனச்சீங்களா?" என்று ஒரு தடவை கேட்பார். பார்த்தேன் என்றால் முடிந்தது. நோட்டை எடுத்து எழுதிவிடுவார்.

கொட்டகையைப் பெருக்கும் அம்மாள் ஒருத்தி இருந்தாள். மூன்றாம் நம்பர் நன்றாக வேலை செய்கிறது என்று முதலாளி முதல் டாக்டர் வரை சந்தோஷமாக இருந்த சமயம். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இந்த முயலுக்குக் காது சில்லுனு கீது சார். ஊசி போடாததுக்கெல்லாம் சூடா கீது" என்று சொல்லியிருக்கிறாள். அவர் அன்று முழுக்க ஒவ்வொரு முயலின் காதாகத் தொட்டுப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான். மருந்து ரத்த ஓட்டத்தை எங்கேயோ இறுக்கிப் பிடித்தது. ஒரு வருஷ வேலையை அவர் அத்தோடு விட்டார். துடைப்பக்காரி பேச்சைக் கேட்டா மருந்து செய்கிறாய் என்று முதலாளி கேட்டதற்கு, அவள் தொட்டுப் பார்த்தாள், நான் கடிகாரத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாராம். நோட்டில் அந்த அம்மாளின் பெயரை எழுதி, அதற்குக் கீழே அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நாலாம் நம்பர்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது. முயல், நாய் எல்லாம் தாண்டி, ஆளுக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய கட்டம். முதலில் தனக்கே போட்டுக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடித்தார். டாக்டர் திட்டிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேஜையில் படுத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நான் எழுந்து நல்லாப் பேசுவேன் சிஸ்டர். நம்பாதீங்க. ஏதாவது சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருங்க."

ஊசி போட்டதும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர் பாதியிலேயே தூங்கிப்போனார். ஆறேழு நிமிஷத்தில் விழித்தார். மூக்குக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். மணி என்ன என்று கேட்டார். டாக்டர் அவர் முதுகில் தட்டிவிட்டு வார்டு பார்க்கப் போனார். நான் உட்கார்ந்திருந்தேன். சொன்னது போலவே கொஞ்ச நேரத்தில் அவர் கண் மறுபடி சொருகியது. தாடை தொங்கி, தொண்டையில் ஒரு மாதிரி குறட்டை வந்தது. பிறகு குறட்டையும் நின்றது. நெஞ்சு ஏற முயற்சி செய்கிறது, காற்று போகவில்லை. நான் இரண்டு விரலைத் தாடைக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்தேன். அவ்வளவுதான். மூச்சு சரளமாக வந்துவிட்டது. பத்து நிமிஷம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் எழுந்து டீயில் பன்னைத் தோய்த்துத் தின்றார்.

நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். தூக்கத்தில் என்ன பேசினேன் என்றார். பொரி உருண்டை கேட்டீர்கள் என்றேன். அதையும் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, இந்த மருந்தில் பயப்பட வேண்டியது இரண்டாம் தூக்கம் ஒன்றுதான், அதற்கும் பக்கத்தில் ஒரு ஆளும் இரண்டு விரலும் இருந்தால் போதும் என்று தெரிந்துவிட்டது என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து என்மேல் அவருக்கு ஒரு தனி நம்பிக்கை. மற்ற நர்ஸுகள் இருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்.

அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு பேருக்கு நாலாம் நம்பர் போட்டோம். ஒவ்வொருவரிடமும் இது புது மருந்து என்று அவரே சொல்லிச் சம்மதம் கேட்டார். அந்தக் காலத்தில் யாரும் அப்படிக் கேட்கிற வழக்கமில்லை. டாக்டருக்கு அது எரிச்சலாக இருக்கும். நாலு பேர் அமுக்கிப் பிடிக்கிற காட்சி எங்கள் ஆஸ்பத்திரியில் நின்றுபோனது. கை விரலை எடுத்த ஒருவன் அன்று சாயங்காலமே கட்டிலில் உட்கார்ந்து மீன் குழம்பு கேட்டான். விஷயம் வெளியே பரவி, பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள்கூட இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தடவையும், கஞ்சியோ ரொட்டியோ உள்ளே போகிற வரை அவர் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு தடவை மட்டும் அவரால் உட்கார முடியவில்லை.

காசிமேட்டு மீனவர் ஒருவர். முப்பது வயது இருக்கும். கரையில் கட்டுமரத்தை ஏற்றும்போது அலை தூக்கி அடித்து முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்துவிட்டது. வலியிலும் சிரித்த முகம். மருந்தைப் பற்றி பாய் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"கனா எதுனா வருமா பாய்?"

"வந்தா சொல்லு. எழுதிக்கிறேன்."

எலும்பைச் சேர்க்க நினைத்ததைவிட நேரம் பிடித்தது. நடுவில் அவர் முனக ஆரம்பித்ததால் இன்னொரு தடவை மருந்து ஏற்ற வேண்டிவந்தது. அறுவை முடிந்து கட்டுப்போடும்போதே கம்பெனியிலிருந்து ஆள் வந்துவிட்டது. நாலாம் நம்பரைப் பற்றிக் கேட்க வெளியூரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து காத்திருக்கிறார், உடனே வர வேண்டும் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். நோயாளி விழிக்கட்டும் என்று பாய் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் விழித்தார். பாயைப் பார்த்து, "கனாவே வர்ல. ஏமாத்திட்ட பாய்" என்றார். எல்லாரும் சிரித்தோம். வந்த ஆள் மறுபடி அவசரப்படுத்தினான்.

பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இரண்டாம் தடவை ஏற்றியிருக்கிறது, அதனால் இரண்டாம் தூக்கம் கட்டாயம் வரும், எவ்வளவு நன்றாகப் பேசினாலும் நம்பக் கூடாது என்றார். மீனவரின் மனைவி கஞ்சி கொண்டுவர வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்தக் கஞ்சியைக் குடித்து முடிக்கும் வரை நகராதீர்கள் என்றார். சரி என்றேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்து கட்டிலை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

நான் உட்கார்ந்திருந்தேன். மீனவர் தன் வலை காய்கிறதா, யாராவது எடுத்து வைத்தார்களா என்றெல்லாம் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அரை மணி இப்படியே போனது. அப்போது ஆயா வந்து, வாசலில் என்னைத் தேடி ஒருவர் வந்திருப்பதாகச் சொன்னாள்.

வந்தவர் துறைமுக ஆபீஸில் குமாஸ்தா. எங்கள் இரண்டு வீட்டிலும் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆனால் அவருடைய அம்மாவுக்கு நர்ஸ் வேலை பார்க்கிற பெண் வேண்டாம் என்று இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் தானே நேரில் வந்திருக்கிறார் என்றால் முடிவு தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. மீனவரைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. "போய்ட்டு வா நர்சம்மா, நான் எங்க போப்போறேன்" என்றார். இரண்டு நிமிஷம் என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன். ஆயாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லக்கூட இல்லை.

வாசலில் வேப்பமரத்தடியில் அவர் நின்றிருந்தார். அம்மா சரி சொல்லிவிட்டார்கள் என்றார். அதற்குப் பிறகு என்ன பேசினோம் என்று எனக்கு நினைவில்லை. துறைமுகத்தில் சங்கு ஊதியதும்தான் நேரம் உறைத்தது. கால் மணி ஆகியிருந்தது.

மீனவரின் தலை தலையணையிலிருந்து வழுக்கி, மோவாய் நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது. உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. தாடையைத் தூக்கினேன். மூச்சு வரவில்லை. கத்தினேன். டாக்டர் ஓடிவந்து கையைத் தூக்கியும் நெஞ்சை அமுக்கியும் அரை மணி நேரம் போராடினார். அதற்குள் மனைவி தூக்குச்சட்டியோடு வந்துவிட்டாள்.

பாய் வரும்போது மூன்று மணி இருக்கும். யாரோ வழியிலேயே சொல்லியிருக்கிறார்கள். குடையை எங்கேயோ விட்டுவிட்டு, வேர்த்து ஒழுக வந்து நின்றார். டாக்டர் பக்கத்தில் இருந்தார்.

"கூடவே இருந்தீங்களா சிஸ்டர்?"

"இருந்தேன்."

"மறுபடி தூங்கினாரா?"

"இல்ல. பேசிக்கிட்டே இருந்தார். அப்படியே நின்னுபோச்சு."

டாக்டர் அங்கே இருந்ததால் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேலை போய்விடும். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆணோடு பேசிக்கொண்டு நின்றதால் ஒரு உயிர் போனது என்று தெரிந்தால் கல்யாணமும் போய்விடும். எல்லாம் உண்மைதான். ஆனால் அடுத்த மூன்று நாளும் பாய் என்னைத் தனியாகத் தேடி வந்தார். எங்களைத் தவிர யாரும் இல்லை. கடைசியாகப் பேசிய வார்த்தை என்ன, பேசும்போது மூச்சு வாங்கியதா, கை எங்கே இருந்தது, முகம் வெளுத்ததா நீலம் பாய்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் ஒவ்வொன்றுக்கும் பதில் செய்து கொடுத்தேன். வலையைப் பற்றிப் பேசிக்கொண்டே நெஞ்சில் கை வைத்தார் என்றேன். முகம் வெளுத்தது என்றேன். பார்த்தீர்களா, நினைத்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. என்னிடம் அதைக் கேட்பதை அவர் எப்போதோ விட்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

என்னுடைய பொய்தான் அவருக்கு ஆதாரமாகிவிட்டது. மூச்சு அடைத்துச் செத்திருந்தால் அது அவருக்குத் தெரிந்த ஆபத்து. பக்கத்தில் ஆள் இருந்தால் தடுத்துவிடலாம். பேசிக்கொண்டிருக்கும்போதே, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றது என்றால், இந்த மருந்தில் முயலிலும் நாயிலும் தெரியாத ஒன்று ஒளிந்திருக்கிறது, யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் காப்பாற்ற முடியாது என்று அர்த்தம். நாலாம் நம்பரை இனி யாருக்கும் போடக் கூடாது என்று டாக்டரிடம் சொன்னார். ஈதரில் இதைவிட அதிகம் பேர் போகிறார்கள், ஒரு சாவுக்காக விடாதே என்று டாக்டரே வாதாடினார். முதலாளி, நீ விட்டால் வேறு ஆளை வைத்துச் செய்துகொள்கிறேன், நோட்டைக் கொடு என்றார். அன்று சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னால் பாய் நோட்டுகள் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டார். செய்முறை அவர் தலையைத் தவிர வேறெங்கும் இல்லாமல் போயிற்று. மறுநாள் கம்பெனியில் அவருக்கு வேலை இல்லை. ஆஸ்பத்திரியில் மறுபடி ஈதர் பாட்டில் வந்தது.

போவதற்கு முன் இன்னொன்றும் செய்தார். காசிமேட்டுக்குப் போய் அந்தப் பெண்ணிடம், உன் புருஷன் என்னுடைய மருந்தால்தான் செத்தான் என்று சொல்லியிருக்கிறார். யாரும் போகச் சொல்லவில்லை. டாக்டர் அவளிடம் ரத்தம் அதிகம் போய்விட்டது என்றுதான் சொல்லியிருந்தார். தெரு ஆட்கள் சூழ்ந்துகொண்டு, யாரோ அவர் சட்டையைப் பிடித்துக் கிழித்தார்களாம். அவள் மண்ணை வாரித் தூற்றி, இனிமேல் இந்தத் தெருவில் உன்னைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது என்றாளாம். கம்பவுண்டர் வந்து இதையெல்லாம் சொன்னபோது நான் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கல்யாணம் ஆயிற்று. தண்டையார்பேட்டைக்குக் குடிபோனோம். நல்ல மனிதர்தான் என் கணவர். அன்று வாசலில் நின்று பேசிய கால் மணி நேரத்தை வாழ்க்கையில் மறக்க முடியாத நேரம் என்று உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

நாலு வருஷம் கழித்து டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பாயைப் பார்த்தேன். தாடி நரைத்திருந்தது. அவர்தான் முதலில் கண்டுகொண்டு பக்கத்தில் வந்தார். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் தண்ணீர் சோதிக்கிற வேலை, வேலை விட்டு இங்கேதான் பஸ் மாறுவேன் என்றார். குழந்தைகள் எத்தனை என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வேறு ஒன்று வந்துவிட்டது.

"அன்னிக்கு நான் கூட இல்ல பாய். வாசலுக்குப் போயிட்டேன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் பஸ் வந்து போனது, அவருடையதும் போனது. நடுவில் அவர் கேட்க ஆரம்பித்தார். எத்தனை நிமிஷம்? திரும்பி வந்தபோது தலை எப்படி இருந்தது? உதடு என்ன நிறம்? தாடையைத் தூக்கியபோது இறுக்கமாக இருந்ததா? பழைய மாதிரியே ஒவ்வொன்றாக, குரலை உயர்த்தாமல் கேட்டார். இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன்.

"அப்ப மருந்து மேல தப்பு இல்ல" என்றார்.

திரும்பச் செய்யலாமே என்றேன், ஒரு நப்பாசையில். அவர் தலையை ஆட்டினார். கடைசிப் படிகளில் எதை எவ்வளவு நேரம் சூடு பண்ணினேன் என்பதெல்லாம் நோட்டில்தான் இருந்தது, இப்போது நினைவில் இல்லை, மறந்துபோக வேண்டும் என்று நானே முயற்சி செய்தேன் என்றார். அப்படிச் சொன்னபோதும் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன். அழுவதற்கும் அவர் எனக்கு இடம் கொடுக்கவில்லை.

புறப்படும்போது ஒன்று கேட்டார். "அந்தம்மாகிட்ட நீங்களே போய் இதச் சொல்லிடுங்க சிஸ்டர். நான் சொன்னா பொய் சொல்றேன்னு நெனைப்பாங்க." சொல்கிறேன் என்றேன்.

அந்த வாரமே போனேன். கரையில் கூடையை வைத்துக்கொண்டு மீன் விற்றுக்கொண்டிருந்தாள். ஐந்தாறு வயதுப் பெண் குழந்தை ஒன்று அவள் முதுகில் சாய்ந்து நின்றது. நான் எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் அவளே என்னை அடையாளம் கண்டு எழுந்தாள். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நர்சம்மா, கடேசி வரிக்கும் நீதான் அவரு கூடவே குந்திக்கினு இருந்தியாமே. டாக்டர் சொன்னாரு. அனாதியா போவலியேன்னு ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

குழந்தையைக் கூப்பிட்டு, அப்பாவைப் பார்த்துக்கொண்ட அம்மா இவர்கள்தான் என்று காட்டினாள். அந்தக் குழந்தை என்னைக் கும்பிட்டது. அவள் கூடையிலிருந்து நல்லதாக இரண்டு வஞ்சிரத் துண்டு எடுத்து, தாமரை இலையில் கட்டி, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல என் பையில் வைத்தாள். நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சொல்லவில்லை.

அதன் பிறகு மூன்று வாரம் டோல்கேட்டுக்கு வராமல் சுற்றிப் போய் பஸ் பிடித்தேன். நாலாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, என் குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவசரமாகப் போக வேண்டியிருந்தது. அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். போய்ப் பார்த்தீர்களா என்றார். பார்த்தேன் என்றேன். சொல்லிவிட்டீர்களா என்றார்.

"சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"அழுதாங்க. அப்புறம், உங்க மேல கோவம் ஒண்ணும் இல்லன்னு சொல்லச் சொன்னாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். காசிமேட்டுக்குப் பக்கத்தில்தான் என் தங்கை வீடு இருக்கிறது, நாலு வருஷமாக அந்தத் தெருவுக்குப் பயந்துகொண்டு சுற்றிப் போகிறேன் என்று சொன்னார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நேராக அந்த அம்மாவைப் போய்ப் பார்த்து, குழந்தைக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றார். பெண் குழந்தைதானே என்று என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை காசிமேட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, யாரிடமும் நான் விசாரிக்கவும் இல்லை. நடுவில் புதன்கிழமையும் வியாழக்கிழமையும் இருந்தன. இரண்டு நாளும் அவர் வேலை விட்டு அதே டோல்கேட்டில்தான் பஸ் மாறியிருப்பார். நான் போகவில்லை. என் குழந்தைக்குக் காய்ச்சலும் புதன்கிழமையே விட்டுவிட்டது.